‘இயல்பான மழை’ என்றால் வெள்ளம் வராதா? பருவமழை முன்னறிவிப்பை ஆற்றோடு சேர்த்துப் படிப்பது எப்படி

2023-ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை முடிந்து கணக்குப் பார்த்தபோது, தமிழகத்தில் பெய்த மழை சராசரியைவிட 4 சதவீதம்தான் அதிகம். வானிலைத் துறையின் வகைப்பாட்டில் அது ‘இயல்பு’. அதே பருவத்தில், டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில், காயல்பட்டினத்தில் 946 மி.மீ. மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. தாமிரபரணி கரைபுரண்டது. ஏரிகளும் குளங்களும் அடுத்தடுத்து உடைந்தன. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் ஒரு ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நகர முடியாமல் நின்றது.

இரண்டு தகவல்களும் உண்மை. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படவும் இல்லை. பருவகால முன்னறிவிப்பு பேசுவது மூன்று மாதங்களில், ஒரு மாநிலம் அளவுக்குப் பரந்த பரப்பில் பெய்யும் மொத்த மழையைப் பற்றி. ஆற்று வெள்ளத்தைத் தீர்மானிப்பது அந்த ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குள் ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்தில் பெய்யும் மழை. முதலாவதை வைத்து இரண்டாவதை நேரடியாகச் சொல்ல முடியாது. அதற்காக முன்னறிவிப்பு வீண் என்றும் ஆகிவிடாது. அது எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும்.

அறிக்கையில் உள்ள எண்கள்

செப்டம்பர் இறுதி அல்லது அக்டோபர் தொடக்கத்தில் இந்திய வானிலை ஆய்வுத் துறை, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்கு முன்னறிவிப்பு வெளியிடுகிறது. தமிழ்நாடு–புதுச்சேரி–காரைக்கால், கடலோர ஆந்திரம், ராயலசீமா, கேரளம்–மாஹே, தென் உள் கர்நாடகம் ஆகிய ஐந்து வானிலை உட்பிரிவுகளைச் சேர்த்துத் ‘தென் தீபகற்பம்’ என்று அது குறிப்பிடும். இதோடு, தெற்காசிய நாடுகளின் வானிலைத் துறைகள் கூடி வட்டாரம் முழுமைக்கும் ஒரு பொது முன்னறிவிப்பைத் தயாரிக்கும் பருவநிலை மன்றம் ஒன்றும் 2010 முதல் இயங்குகிறது.

எல்லாவற்றுக்கும் அளவுகோல் நீண்டகாலச் சராசரி. இப்போது 1971 முதல் 2020 வரையிலான 50 ஆண்டுச் சராசரியை எடுத்துக்கொள்கிறார்கள். தென் தீபகற்பத்துக்கு அது சுமார் 334 மி.மீ.; தமிழகத்துக்கு மட்டும் சுமார் 440 மி.மீ. முன்னறிவிப்பில் ‘இயல்பு’ என்பது இந்தச் சராசரியின் 88 முதல் 112 சதவீதம் வரை. அதாவது தமிழகத்தில் 390 மி.மீ. பெய்தாலும் இயல்புதான், 490 மி.மீ. பெய்தாலும் இயல்புதான். பருவம் முடிந்தபின் மாவட்ட வாரியாகப் போடும் கணக்கில் இந்த வரம்பு இன்னும் அகலம்: 19 சதவீதம் குறைந்தாலும் கூடினாலும் ‘இயல்பு’ என்றே அட்டவணையில் இருக்கும். செய்தியில் அந்தச் சொல்லைப் பார்க்கும்போது, எந்த அட்டவணையிலிருந்து வந்தது என்று கவனியுங்கள்.

அறிக்கையோடு வரும் வண்ண வரைபடம் பலரையும் குழப்புகிறது. அதில் அடர்நீலமாக இருக்கும் இடத்தில் மிக அதிக மழை பெய்யும் என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த நீலம் மழையின் அளவைக் காட்டுவதில்லை, வாய்ப்பைக் காட்டுகிறது. கடந்த 30 ஆண்டு மழையைக் குறைவிலிருந்து அதிகம் வரை வரிசைப்படுத்தி மூன்று சம பங்காகப் பிரியுங்கள். கடைசிப் பத்து ஆண்டுகளின் மழை ‘இயல்பைவிட அதிகம்’, முதல் பத்து ‘இயல்பைவிடக் குறைவு’, நடுப் பத்து ‘இயல்பு’. வேறு எந்தத் தகவலும் இல்லையென்றால் மூன்றுக்கும் வாய்ப்பு 33 சதவீதம். வரைபடம் உங்கள் பகுதிக்கு ‘அதிகம் – 45 சதவீதம்’ என்று காட்டினால், வழக்கமான 33 என்பது 45 ஆக உயர்ந்திருக்கிறது என்று பொருள். அதிக மழை பெய்யாமல் போவதற்கு இன்னும் 55 சதவீத வாய்ப்பு இருக்கிறது. பெய்தாலும் எவ்வளவு அதிகம் என்பதை அந்த எண் சொல்லவில்லை: மேல் பங்கின் வாசலைத் தொட்ட மழையும் 2015-இன் மழையும் ஒரே வகைக்குள்தான் வரும்.

வாய்ப்பில் இந்தச் சாய்வு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கடல் மேற்பரப்பு வெப்பநிலையிலிருந்து. பசிபிக்கின் நடுப்பகுதி வழக்கத்தைவிடக் குறைந்தது 0.5 டிகிரி சூடாக நீடித்தால் எல் நினோ. அந்த அளவு குளிர்ந்தால் லா நினா. தென்மேற்குப் பருவமழையை எல் நினோ பெரும்பாலும் நலிவடையச் செய்யும். வடகிழக்குப் பருவமழைக்கு அதுவே பெரும்பாலும் சாதகம். இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி வழக்கத்தைவிடச் சூடாகவும் கிழக்குப் பகுதி வழக்கத்தைவிடக் குளிர்ந்தும் இருப்பதும் நமக்குச் சாதகம். வலுவான எல் நினோ ஆண்டான 2015-இல் தமிழகத்தில் சராசரியைவிட 53 சதவீதம் அதிகம் பெய்தது.

ஆனால் இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2016-உம் 2021-உம் லா நினா நிலவிய பருவங்கள். 2016-இல் மழை 62 சதவீதம் குறைந்தது. 2021-இல் 59 சதவீதம் கூடியது. கடலின் மெதுவான மாற்றங்கள் பின்னணியை மட்டுமே அமைக்கின்றன. வங்கக் கடலில் எத்தனை தாழ்வு மண்டலங்கள் உருவாகும், அவை எங்கே கரை கடக்கும், கரையருகே எத்தனை மணி நேரம் நிற்கும் என்பதை மூன்று மாதம் முன்கூட்டி எந்தக் கணினி மாதிரியாலும் சொல்ல முடியாது. வெள்ளமோ அந்த விவரங்களில்தான் இருக்கிறது.

மழை எப்படி ஆற்று நீராகிறது

கொஞ்சம் கணக்கு போட்டுவிடலாம். ஒருமுறை புரிந்தால் வெள்ளச் செய்திகள் எல்லாமே தெளிவாகிவிடும்.

ஒரு சதுர கிலோமீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1,000 கன மீட்டர் தண்ணீர், அதாவது 10 லட்சம் லிட்டர். ஒரு ஆற்றின் நீர்ப்பிடிப்புப் பரப்பு 1,000 சதுர கி.மீ. என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் ஒரே நாளில் 150 மி.மீ. பெய்தால் 15 கோடி கன மீட்டர். நம் அணைக் கணக்கில் சுமார் 5.3 டி.எம்.சி. செம்பரம்பாக்கம் ஏரியின் முழுக் கொள்ளளவே 3.645 டி.எம்.சி.தான்.

ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. அது ஒரு நாள் முழுக்கச் சீராக ஓடி வெளியேறினால் வினாடிக்கு சுமார் 11,574 கன அடி. இந்த ஒரு எண்ணை நினைவில் வைத்துக்கொண்டால் டி.எம்.சி.யையும் கன அடியையும் மனக்கணக்கிலேயே மாற்றிக்கொள்ளலாம்.

பெய்த மழை முழுதும் ஆற்றுக்கு வருவதில்லை. மண் குடிக்கும், பள்ளங்களும் குளங்களும் பிடித்துவைக்கும், மிச்சம்தான் ஓடும். எவ்வளவு மிச்சம் என்பது முந்தைய ஐந்து நாளில் என்ன பெய்தது என்பதைப் பெரிதும் பொறுத்தது. நீரியல் பொறியாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் வளைகோட்டு எண் முறையில் (மண்ணின் தன்மையையும் ஈரத்தையும் வைத்து ஓடிவரும் நீரைக் கணிக்கும் முறை) ஒரு நடுத்தரமான நிலத்துக்குக் கணக்கிட்டால், மண் காய்ந்திருக்கும்போது பெய்யும் 150 மி.மீ. மழையில் சுமார் 47 மி.மீ.தான் ஓடிவரும். அதே நிலம் நன்றாக நனைந்திருக்கும்போது அதே 150 மி.மீ. பெய்தால் சுமார் 121 மி.மீ. ஓடிவரும். மேலே சொன்ன ஆற்றில் முதல் நிலையில் 1.7 டி.எம்.சி.; இரண்டாவது நிலையில் 4.3 டி.எம்.சி. 24 மணி நேரச் சராசரி ஓட்டமாகப் பார்த்தால், காய்ந்த நிலத்தில் வினாடிக்கு 19,000 கன அடி, நனைந்த நிலத்தில் 49,000 கன அடிக்கு மேல். உச்ச ஓட்டம் இந்தச் சராசரியைவிட இரு மடங்கு வரை போகலாம்.

வானிலை அறிக்கையில் இரண்டு நாளும் ஒரே மாதிரிதான் தெரியும்: ‘மிகக் கனமழை, 15 செ.மீ.’ ஆறு மட்டும் ஒன்றை வாங்கிக்கொள்ளும், மற்றொன்றில் கரையை மீறும்.

மழையும் வெள்ளமும் ஒரே விகிதத்தில் கூடுவதில்லை என்பதையும் இங்கேயே பார்த்துவிடலாம். காய்ந்த நிலத்தில் மழையை 150-லிருந்து 180 மி.மீ. ஆக, அதாவது 20 சதவீதம் கூட்டினால், ஓடிவரும் நீர் 47-லிருந்து சுமார் 68 மி.மீ. ஆகிறது. 43 சதவீத உயர்வு. முன்னறிவிப்பில் ஏற்படும் சிறு பிழை ஆற்றில் பெரும் பிழையாக மாறுவதற்கு இதுதான் காரணம்.

பருவகால முன்னறிவிப்பின் உண்மையான பயன் இங்கேதான் வருகிறது. ‘இயல்பைவிட அதிகம்’ என்ற பக்கம் சாய்ந்த பருவத்தில், கனமழை வந்து சேரும் நாளில் மண் ஏற்கெனவே நனைந்தும், ஏரிகள் ஏற்கெனவே நிரம்பியும் இருப்பதற்கான வாய்ப்பு கூடுகிறது. வெள்ளம் வரும் தேதியை அது சொல்லாது; எவ்வளவு மழைக்கு வெள்ளம் வரும் என்ற வாசல் கீழே இறங்குகிறது என்பதைச் சொல்லும். 2015 நவம்பரில் சென்னை நுங்கம்பாக்கத்தில் 1,049 மி.மீ. பெய்தது. அதன்மேல்தான் டிசம்பர் 1-ஆம் தேதி மழை விழுந்தது: மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. நவம்பர் காய்ந்து போயிருந்தால் அந்த ஒரு நாள் மழைக்கும் அடையாறு பெருகியிருக்கும். ஆனால் ஏரிகளில் இடம் இருந்திருக்கும். செம்பரம்பாக்கத்திலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி திறக்க வேண்டிய நெருக்கடி அந்த அளவுக்கு வந்திருக்காது. அந்த நீரோடு மேலே இருந்த மற்ற ஏரிகளின் உபரிநீரும் சேர்ந்துதான் அடையாற்றில் இறங்கியது.

அணையில் எவ்வளவு இடம் இருக்கிறது

‘அணையைத் திறந்ததால் வெள்ளம்’, ‘முன்பே திறந்திருந்தால் தப்பித்திருக்கலாம்’ என்ற இரண்டு வாதங்களும் ஒவ்வொரு வெள்ளத்துக்குப் பிறகும் எழும். எது சரி என்று பார்க்க ஓர் எளிய சோதனை: கொள்ளளவை நீர்வரத்தால் வகுத்துப் பாருங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, நகராமல் நின்றது. முதல் நாள் மயிலத்தில் 51 செ.மீ., புதுச்சேரியில் 49 செ.மீ. மறுநாள் மழை உள்மாவட்டங்களுக்கு நகர்ந்து, தென்பெண்ணையின் மேற்பகுதியான ஊத்தங்கரையில் 50 செ.மீ. பெய்தது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு சுமார் 1.7 லட்சம் கன அடி வெளியேறியது. சாத்தனூரின் முழுக் கொள்ளளவு 7.32 டி.எம்.சி. அந்த அணை அடிமட்டம் வரை காலியாகவே இருந்திருந்தாலும், 1.7 லட்சம் கன அடி வந்துகொண்டிருந்தால் 12 மணி நேரத்தில் நிரம்பிவிடும். வழக்கம்போல் முக்கால்வாசிக்கு மேல் நீர் இருந்தால் மூன்று மணி நேரம்கூடத் தாங்காது.

மேட்டூரை எடுத்துக்கொள்ளுங்கள். 93.47 டி.எம்.சி. காலியாக இருந்தால், 2 லட்சம் கன அடி வரத்தையும் ஐந்து நாளுக்கு மேல் பிடித்துவைக்கும். ஆகவே மேட்டூரில் பருவத் தொடக்கத்தில் இருக்கும் நீர் இருப்பு வெள்ள அபாயத்தைப் பெரிதும் மாற்றும். சாத்தனூரில் கொஞ்சம்தான் மாற்றும். அங்கே முன்கூட்டித் திறப்பதால் கிடைப்பது முக்கியமாக அவகாசம்: உச்ச வரத்து வருவதற்குள் கீழே உள்ள ஊர்களை அப்புறப்படுத்தச் சில மணி நேரம். அந்தச் சில மணி நேரத்தை யாரும் குறைத்து மதிப்பிட வேண்டாம். நள்ளிரவில் அது உயிர்களைக் காக்கும்.

அணைப் பொறியாளருக்கு இன்னொரு இக்கட்டு உண்டு. அக்டோபரில் அணையைக் காலியாக வைத்தால் வெள்ளத்துக்கு நல்லது. பருவம் பொய்த்தால் ஏப்ரலில் குடிநீருக்குத் தவிப்பு. ‘அதிகம் – 45 சதவீதம்’ என்ற முன்னறிவிப்பை நம்பி 3 டி.எம்.சி.யைக் கடலுக்கு விடுவது எளிய முடிவு அல்ல. அதனால்தான் பருவகால முன்னறிவிப்பை மட்டும் வைத்து அணையைத் திறப்பதில்லை. ஐந்து நாள் முன்னறிவிப்பு வலுத்தபின், மாதத்துக்கு மாதம் எந்த மட்டம் வரை நீர் வைக்கலாம் என்ற இயக்க விதிக்கு உட்பட்டு, சிறுகச் சிறுகத் திறக்கிறார்கள்.

அணைக்குக் கீழே பெய்யும் மழையை அணை பிடிக்காது என்பதும் எளிதில் மறந்துபோகிறது. 2023 டிசம்பரில் தாமிரபரணிப் படுகையில் கொட்டியதில் பெரும்பகுதி பாபநாசம், மணிமுத்தாறு அணைகளுக்குக் கீழே, சமவெளியில் விழுந்தது. அங்கே அந்த மழையைத் தாங்க இருந்தவை குளங்கள் மட்டுமே. நம் குளங்கள் தொடர்களாக அமைந்தவை. மேல்குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால்தான் கீழ்க்குளத்துக்கு வரத்து. நிதானமான மழையில் இது அருமையான அமைப்பு. உபரிநீர் வழியும் கலிங்கு வெளியேற்றும் வேகத்தைவிட வரத்து அதிகமானால், நீர் கரைமேல் வழியும், மண் கரை அரிக்கும், உடையும். ஒரு குளத்தின் முழு நீரும் அரை மணியில் அடுத்த குளத்தில் இறங்கினால் அதுவும் தாங்காது. கலிங்கு அடைபட்டிருப்பது, மறுகால் ஓடை தூர்ந்திருப்பது, மதகுப் பக்கத்தில் கரை கசிவது ஆகிய மூன்றையும் செப்டம்பரிலேயே நடந்துபோய்ப் பார்த்துவிடலாம்.

உங்கள் ஆறு எந்த முன்னறிவிப்பைச் சார்ந்தது

முன்னறிவிப்பை உங்கள் மாவட்டத்துக்குப் பார்ப்பதைவிட உங்கள் ஆற்றின் தலைப்பகுதிக்குப் பார்க்க வேண்டும். இதில் தவறினால் மற்றதெல்லாம் சரியாக இருந்தும் பயனில்லை.

காவிரியில் மேட்டூர் வழியாக வரும் பெருவெள்ளம் ஜூலை, ஆகஸ்ட் மாத விஷயம். குடகிலும், கபினியின் தலைப்பகுதியான வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் அதற்குக் காரணம். 2018 ஆகஸ்டில் முக்கொம்பு கொள்ளிடம் மேலணையின் மதகுகள் உடைந்து அடித்துச் செல்லப்பட்டபோது திருச்சியில் பெருமழை இல்லை. ஆகவே கொள்ளிடக் கரையில் இருப்பவர் பார்க்க வேண்டியது மே மாத இறுதியில் வரும் தென்மேற்குப் பருவமழை முன்னறிவிப்பு, அதிலும் கர்நாடக, கேரளப் பகுதி. நவம்பரில் டெல்டாவில் பயிர் மூழ்குவது வேறு சிக்கல்: அது பெரும்பாலும் உள்ளூரில் பெய்த மழை வடியாமல் நிற்பது.

தென்பெண்ணையும் பாலாறும் கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றுகின்றன. பாலாறு ஆந்திரத்தையும் தொட்டு வருகிறது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் ஆந்திரப் பகுதி நீரைக் கொண்டுவருபவை. ஆந்திரத்தில் ஆரணியாற்றின் பிச்சாட்டூர் அணையைத் திறந்தால் திருவள்ளூர் மாவட்டத்தில் தெரியும். ஆகவே இந்த ஆறுகளுக்குத் தென் உள் கர்நாடகம், ராயலசீமா ஆகிய உட்பிரிவுகளின் முன்னறிவிப்பையும் சேர்த்துப் பாருங்கள். 2021 நவம்பரில் பாலாற்றில் வந்த பெருவெள்ளத்தில் எல்லைக்கு அப்பால் பெய்த மழைக்கும் பங்கு உண்டு.

ஆற்றின் நீளம் இன்னொன்றையும் தீர்மானிக்கிறது: எத்தனை மணி நேர மழை ஆபத்தானது என்பதை. அடையாறு சுமார் 42 கி.மீ. நீளமே; ஆறு மணி நேரப் பெருமழையே போதும். காவிரிக்கு நாட்கணக்கில், பரந்த பரப்பில் பெய்ய வேண்டும். வானிலை அறிக்கையின் இடச் சொற்களை இதோடு பொருத்திப் பார்க்கலாம். ‘ஓரிரு இடங்களில்’ என்றால் மழைமானி நிலையங்களில் கால்வாசி வரை. ‘ஒருசில இடங்களில்’ பாதி வரை. ‘அநேக இடங்களில்’ முக்கால்வாசி வரை. ‘பெரும்பாலான இடங்களில்’ அதற்கும் மேல். ‘ஓரிரு இடங்களில் அதி கனமழை’ நகரத்து ஓடைக்கும் சிற்றாற்றுக்கும் பெரும் ஆபத்து. நீண்ட ஆற்றுக்கு ‘பெரும்பாலான இடங்களில் மழை, அநேக இடங்களில் கனமழை’ என்பதே அதைவிடக் கவலைக்குரியது.

நாள் நெருங்க நெருங்க

அக்டோபர் தொடக்கத்தில் பருவகால முன்னறிவிப்பைப் பார்த்துக் கரை, கலிங்கு, வடிகால் வேலைகளை முடிப்பது முதல் படி. பிறகு வியாழக்கிழமைதோறும் வானிலைத் துறை வெளியிடும் நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பு வரும். அடுத்த இரண்டு முதல் நான்கு வாரங்களை அது பேசும். 30 முதல் 60 நாளுக்கு ஒருமுறை வெப்பமண்டலத்தைச் சுற்றிக் கிழக்கு நோக்கி நகரும் மேகக் கூட்ட அலை இந்தியப் பெருங்கடலுக்கு வரும்போது வங்கக் கடலில் தாழ்வு நிலைகள் உருவாகும் வாய்ப்பு கூடும். அதை முன்கூட்டிக் காட்டுவது இந்த அறிக்கைதான். இரண்டாவது வாரத்துக்குப் பிந்தைய பகுதியை மட்டும் கொஞ்சம் தளர்வாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த நேரத்தில் அணை நீர்மட்டத்தையும், அக்டோபர் 1 முதல் உங்கள் மாவட்டத்தில் பெய்த மொத்த மழையையும் குறித்து வையுங்கள். மொத்தம் சராசரியைத் தாண்டி, அணையும் முக்கால்வாசிக்கு மேல் இருந்தால், அடுத்த பெருமழையை ‘நனைந்த நில’ மழையாகவே கணக்கிட வேண்டும்.

கடைசி ஐந்து நாளில் மாவட்ட எச்சரிக்கை நிறங்கள் வரும். 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மி.மீ. கனமழை, 204.4 வரை மிகக் கனமழை. அதற்கும் மேல் அதி கனமழை. மஞ்சள் என்றால் கவனமாக இருங்கள், ஆரஞ்சு என்றால் தயாராக இருங்கள், சிவப்பு என்றால் செயலில் இறங்குங்கள். இந்த நிறங்கள் மழைக்கானவை, ஆற்றுக்கானவை அல்ல என்பது முக்கியம். மேல்மாவட்டத்தில் சிவப்பும் உங்கள் மாவட்டத்தில் பச்சையும் இருக்கும் நாளிலும் வெள்ளம் உங்களிடம்தான் வரும்.

ஆற்றுக்கான எச்சரிக்கையை மத்திய நீர் ஆணையம் தருகிறது. அதன் நிலையங்களில் எச்சரிக்கை மட்டம், அபாய மட்டம், இதுவரை பதிவான உச்ச மட்டம் என்று மூன்று கோடுகள் உண்டு. 2023 ஆகஸ்டில் வெளியான ‘ஃப்ளட்வாட்ச் இந்தியா’ செயலியில் நிலைய வாரியாகப் பார்க்கலாம். சில அணைகளுக்கு நீர்மட்டத்தை வைத்தே கட்டம் கட்டமாக எச்சரிக்கை விடுவது வழக்கம். 71 அடி வைகை அணையில் 66 அடியில் முதல் கட்டம், 68.5 அடியில் இரண்டாம் கட்டம், 69 அடியில் மூன்றாம் கட்டம். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே அரை அடிதான். அதனால் ஆற்றங்கரையிலிருந்து ஆடு மாடுகளையும் மோட்டாரையும் அகற்றுவதற்கு மூன்றாம் கட்டம் வரை காத்திருக்கக் கூடாது.

தண்ணீர் வந்து சேரும் நேரத்தைத் தோராயமாக நீங்களே கணக்கிடலாம். வெள்ளத்தில் ஆறு வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினால் மணிக்கு சுமார் 7 கி.மீ. அணை 70 கி.மீ. தொலைவில் இருந்தால் பத்து மணி நேரம். நிரம்பி ஓடும் ஆற்றில் இதைவிட விரைவாகவே வரும் என்று எடுத்துக்கொண்டு, கணக்கில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிடுங்கள்.

மழை அளவுகளைப் பார்க்கும்போது தேதியில் கவனம் தேவை. வானிலைத் துறையின் ‘டிசம்பர் 18 மழை’ என்பது 17-ஆம் தேதி காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை பெய்தது. அந்தப் பட்டியல் வெளியாகும் நேரத்தில் தண்ணீர் ஏற்கெனவே பாதி வழி வந்திருக்கும். இரவு மழையின்போது காலைப் பட்டியலுக்குக் காத்திருக்காமல் தானியங்கி மழைமானிகளின் மணிவாரி அளவையும் அணையின் நீர்வரத்தையும் பாருங்கள். வெளியேற்றத்தைவிட நீர்வரத்து தொடர்ந்து அதிகமாக இருந்தால், அடுத்த அறிவிப்பில் திறப்பு கூடும் என்று அர்த்தம்.

முகத்துவாரத்துக்கு அருகில் இருப்பவர்கள் கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் ஓதம், அதாவது கடல்நீர் ஏற்றம், உயரும். புயல் காற்றும் கடலைக் கரைப்பக்கம் தள்ளும். மணல்திட்டு முகத்துவாரத்தை அடைத்தும் இருக்கலாம். மூன்றும் சேர்ந்தால் ஆற்றில் வருவது அதே அளவு நீராக இருந்தும் மட்டம் அதிகமாக ஏறும், வடியத் தாமதமாகும். ஓதம் தணியும் ஆறு மணி நேரத்தில் மட்டம் இறங்குவதைப் பார்த்து வெள்ளம் முடிந்துவிட்டது என்று வீடு திரும்புகிறவர்கள் அடுத்த ஓதத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்புவதற்கு முன் மேலே உள்ள அணையின் வெளியேற்றம் குறைந்துவிட்டதா என்று 1077 மாவட்டக் கட்டுப்பாட்டு அறையில் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். அந்த எண் கிடைக்காவிட்டால் மாநில அறைக்கு 1070.